மாப்ளே, மரக்காலை இங்கயே வெச்சுட்டுப் போ

டேய் மாப்ளே, நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "ஜெர்மனிக்குப் போயிடலாமான்னு யோசிக்கிறேன் மாமா, நீங்க என்ன சொல்றீங்க"ன்னு கேட்டிருக்க. யோசிக்கிறவன் குரலா அது? வேலை உத்தரவுல கையெழுத்துப் போட்டாச்சு. டல்லாஸ் வீட்டுக்கு விலை விசாரிச்சாச்சு. பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டு சமாதானமும் ஆயாச்சு. ஊர்ல ஒரு கிழவன் பாக்கி இருக்கான், அவன் வாயாலயும் ஒரு "சரி" வாங்கிட்டா, நாளைக்கு ஏதாச்சும் கோளாறுன்னா "மாமாதானே போகச் சொன்னாரு"ன்னு கைகாட்டிடலாம். கூட்டுறவு சங்கத்துல காலம் பூரா கடன் மனு வாங்கினவன்டா நான். யோசனை கேக்க வர்றவன் யாரு, ஜாமீன் கையெழுத்துக்கு வர்றவன் யாருன்னு வாசப்படி ஏறுறப்பவே தெரிஞ்சுடும்.

சரி, வந்துட்ட. திண்ணையில உக்காரு. சொல்றேன்.

அமெரிக்கா பிடிக்காம நீ கிளம்பல, அதை மொதல்ல ஒத்துக்க. பிடிச்சிருக்கு, ஆனா அது உன்னை வெச்சுக்க மாட்டேங்குது. வேலைக்காரங்களுக்குன்னு வருஷத்துக்கு 1,40,000 கிரீன் கார்டு. அதுல ஒரு நாட்டுல பொறந்தவங்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. லக்சம்பர்க்னு ஒரு நாடு இருக்கு, நம்ம மயிலாடுதுறை மாவட்டத்து சனம்கூட அங்க இல்ல. அவனுக்கும் 7, நூத்திநாப்பது கோடி பேருக்கும் 7. ஆகா, என்னா சமத்துவம்! 2025 கடைசியில இ.பி.2ன்னு நம்மாளு நிக்கிற வரிசையில அவங்க கூப்பிட்டது 2013ல பேர் குடுத்தவனை. நீ பேர் குடுத்தது 2018ல. "அஞ்சு வருசந்தான் மாமா வித்தியாசம்"னு ஒரு தடவை சொன்ன பாரு, எனக்குச் சிரிப்பு தாங்கல. அந்த வரிசை வருசத்துக்கு ஒரு வருசம் நகரும்னு உனக்கு யார்ரா சொன்னது? சில மாசம் பின்னாலயும் போகுதே! உன் மக அங்கேயே 2016ல பொறந்தவ, குடிமகள். 2037ல அவளுக்கு 21 வயசாகும்போது அப்பா அம்மாவுக்கு அவ மனுப் போடலாம், அதுக்கு வருசக் கணக்கு வரம்பு ஒண்ணும் கிடையாது. உன் கம்பெனி வாங்கித் தர்றதுக்கு முன்னாடி உன் மக வாங்கிக் குடுத்துடுவா போல.

வேலை போனா 60 நாள். அதுக்குள்ள வேற முதலாளியைப் புடிக்கணும், இல்லேன்னா பெட்டியைக் கட்டணும். 2025 செப்டம்பர்ல புதுசா எச்1பி வேலை விசாவுக்கு மனுப் போட்டா ஒரு லட்சம் டாலர்னு அறிவிச்ச ராத்திரி, விமானத்துல ஏறி உக்காந்தவங்க இறங்கி ஓடினதா பேப்பர்ல போட்டிருந்தான். உனக்கு அது பொருந்தாதுன்னு மறுநாள் தெளிவாச்சு. ஆனா அந்த ஒரு ராத்திரி உன் தூக்கத்துக்கு யார் வட்டி குடுப்பா?

உங்கப்பா, எங்க மச்சான், போனப்ப நீ வரல. வந்தா திரும்பிப் போக பாஸ்போர்ட்டுல முத்திரை குத்தணும், அதுக்குத் தேதி கிடைக்காது, வேலை போயிடும்னு பயந்த. காரியத்தைச் செல்போன்லதான் பாத்த. போனைப் புடிச்சுக்கிட்டு நின்னது நான். வெயில்ல திரை தெரியல, நீ அழுதது மட்டும் கேட்டுச்சு. அதைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் உன்கிட்ட நான் பேசினதில்ல. இப்பவும் இதுக்கு மேல பேசல.

அப்ப ஜெர்மனி? போயேன். வா வான்னுதான் கூப்பிடுறான். 2024 அக்டோபர்ல இந்தியாவுலேர்ந்து வர்ற திறமைசாலிகளுக்கு வருசத்துக்கு 20,000ஆ இருந்த விசாவை 90,000 ஆக்குறோம்னான். வேலைக்கு வர்றவனுக்குக் குடுக்குற நீலக் கார்டுக்கு 2025 கணக்குப்படி வருசச் சம்பளம் 48,300 யூரோ இருக்கணும்னு இருந்துச்சு, கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் பஞ்சம்ங்கிறதால 43,760 கிட்ட இருந்தாலே போதும்னான். ஜெர்மன் பாஷையில பி1 தேறிட்டா 21 மாசத்துல நிரந்தரக் குடியிருப்பு. தட்டுத்தடுமாறி ஏ1தான் வந்துச்சுன்னா 27 மாசம். சீட்டுக் குலுக்கல் இல்ல, பொறந்த நாடு பாத்து வரிசை இல்ல. உன் சம்சாரம் அங்கே கார்டு கைக்கு வந்ததுமே எந்த வேலைக்கும் போகலாம். டல்லாஸ்ல அது வேலை பாக்குற அட்டையைப் புதுப்பிக்க இழுத்துக்கிட்டே போயி, இருந்த வேலையும் போயி, வீட்டுல உக்காந்து கிரேட்டர் டல்லாஸ்ல உள்ள அத்தனை கொலுவுக்கும் சுண்டல் செஞ்சுக்கிட்டிருந்துச்சு. இந்தப் பயணத்துல மொதல் லாபம் அந்தப் பொண்ணுக்குத்தான். உன் எக்செல் ஷீட்டுல அதுக்கு ஒரு கட்டம்கூட இல்லையேடா?

அந்த ஷீட்டைப் பத்திச் சொல்லியே ஆகணும். மஞ்சள், பச்சைன்னு கலர் அடிச்சு அனுப்பியிருந்த. டல்லாஸ்ல 1,65,000 டாலர், ஸ்டுட்கார்ட்ல 85,000 யூரோ, வித்தியாசம் சிவப்பு எழுத்துல. அதுக்குக் கீழே ஜெர்மனிக்காரன் புடிக்கிற புடித்தம்: பென்சனுக்கு 18.6 சதவீதம், வைத்தியத்துக்கு 14.6 சதவீதமும் அதுக்கு மேல கொஞ்சமும், ரெண்டுலயும் பாதி உன்னுது, பாதி முதலாளியுது. அப்புறம் வரி. எல்லாம் சரியாத்தான் போட்டிருக்க. ஆனா வராத செலவை எங்கடா எழுதின? அங்க சம்பாதிக்காத சம்சாரமும் பிள்ளையும் அரசாங்கக் காப்பீட்டுல உன் கட்டணத்துலயே அடங்கிடுவாங்க. பிள்ளைக்குன்னு மாசம் 255 யூரோ 2025ல குடுத்தான். நீ படுத்துட்டா ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் தரணும், அது சட்டம். ஒரு வருசம் கட்டிட்டு வேலை போச்சுன்னா நிகரச் சம்பளத்துல 60 சதவீதம், பிள்ளைக்காரன்னா 67.

அமெரிக்கா மரக்காலைத் தூக்கிக்கிட்டுப் போயி ஜெர்மனி நெல்லை அளந்தா மாசாமாசம் குறையத்தான்டா செய்யும். ஸ்டுட்கார்ட்ல அப்படி ஒருத்தரைப் பாத்தேன். கலிபோர்னியாவுலேர்ந்து வந்தவரு. சம்பளத்தைக் கலிபோர்னியாவோட ஒப்பிடுவாரு, வீட்டு வாடகையைக் கும்பகோணத்தோட ஒப்பிடுவாரு, வெயிலை மதுரையோட ஒப்பிடுவாரு. எதுலயும் ஜெர்மனி ஜெயிக்க முடியாது. நல்ல மனுசன், பாவம். மூஞ்சியில ஒரு நாள் சிரிப்பைப் பாக்கல.

ஸ்டுட்கார்ட்னதும் உனக்கு உறைச்சிருக்கும். ஆமாம், என் பொண்ணு இருக்குற ஊருதான். உனக்கு முறைப்பொண்ணு. அன்னிக்கு உங்கம்மா வந்து கேட்டப்ப, "சொந்தத்துல வேணாம், நான் அமெரிக்கா போறேன்"னு கம்பீரமாச் சொன்ன. சரின்னு வேற பையனுக்குக் கட்டிக் குடுத்தோம். அவரு நிரந்தரக் குடியிருப்பு வாங்கி நாளாச்சு. பேசாம அன்னிக்கே தாலி கட்டியிருந்தா இந்த நீலக் கார்டு, பச்சைக் கார்டு எதுவும் இல்லாம நேரே போயிருக்கலாம். சும்மா சொன்னேன்டா, உன் சம்சாரத்துக்கிட்ட போட்டுக் காட்டிடாதே.

அங்க போயித் தங்கினதுனாலதான் சொல்றேன், வீடுன்னு ஒண்ணு குடுப்பான் பாரு. கதவைத் தொறந்தா அடுப்படி இருக்கவேண்டிய இடத்துல செவுரும் ரெண்டு குழாயும்தான் இருக்கும். முன்னாடி குடியிருந்தவன் அடுப்பு, அலமாரி, தொட்டி எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போயிருப்பான், இல்லேன்னா உன்கிட்டயே விலை பேசுவான். கூரையில பல்பு இருக்காது, ஒயர் ரெண்டு தொங்கும். முன்பணம் மூணு மாச வாடகை வரைக்கும். வாடகையிலயே ரெண்டு வகை, குளிர்ந்த வாடகை, சூடான வாடகைன்னு. விளம்பரத்துல பாத்து நீ சந்தோசப்பட்டது குளிர்ந்தது. ஹீட்டரும் இதர செலவும் சேந்து நீ கட்டப்போறது சூடானது.

குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி ஆபீசுல பேரைப் பதியணும். அது இல்லாம வரி எண் வராது, அப்புறம் ஒண்ணுமே ஓடாது. தபால் பெட்டியில பேரு ஒட்டணும், ஒட்டலேன்னா காயிதம் திரும்பிப் போயிடும். எல்லாமே காயிதந்தான் அங்க. இதுல நம்மாளுக்கு ஒரு விசேசம். அமெரிக்காவுல உன் பேரைப் பாதியா வெட்டி ரெண்டெழுத்தாக்கிட்டாங்க, நீயும் அதுக்கே திரும்பிப் பாக்குற. ஜெர்மனிக்காரன் உன் பேரையே தொட மாட்டான். பாஸ்போர்ட்டுல குடும்பப் பேருங்கிற இடத்துல அப்பா பேரு இருக்குல்ல, அதுக்கு முன்னாடி 'ஹெர்' சேத்துக் கூப்பிடுவான். பத்து ஏக்கர் கடன் தள்ளுபடிக்கு அலைஞ்சப்ப எங்க மச்சானை ஒரு ஆபீசுலயும் மரியாதையாக் கூப்பிட்டது கிடையாது. இனிமே தினம் கூப்பிடுவான். தபால் பெட்டியிலயும் அவரு பேருதான் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. சத்தமும் கிடையாது. நம்ம வீட்டு மாப்பிள்ளை ஒரு ஞாயித்துக்கிழமை முருகன் படம் மாட்ட செவுத்துல டிரில்லை வெச்சாரு. ஒரு ஓட்டைதான், முழுசாக்கூட விழல. கீழ் வீட்டு அம்மா வந்துட்டாங்க. கோவமா இல்ல, அதுதான் எனக்கு ஆச்சரியம். சட்டத்தை எடுத்துச் சொல்லி, நாளைக்கு எத்தனை மணிக்கு மேல போடலாம்னும் சொல்லிட்டு, முருகனைப் பாத்து ஒரு வணக்கமும் வெச்சுட்டுப் போனாங்க. அந்தச் சீமையில இன்னொரு வழக்கம். மாடிப்படியைக் கூட்டித் துடைக்கிறது வாரம் ஒரு வீட்டோட முறை. முறை வந்த வீட்டுக் கதவுல ஒரு சின்னப் பலகை தொங்கும். டல்லாஸ்ல புல்லு வெட்டக்கூட ஆள் வெச்சவன் நீ. கையில துடைப்பத்தோட உன்னைப் பாக்குறதுக்காகவே நான் ஒரு தடவை வருவேன்.

பிள்ளை படிப்புதான் கொஞ்சம் நின்னு யோசிக்கவேண்டிய சங்கதி. பெரும்பாலான மாநிலத்துல நாலாம் வகுப்பு முடிஞ்சதும் எந்தப் பிள்ளை மேற்படிப்புக்கான கிம்னாசியம் போகும், எது வேற பள்ளிக்கூடம் போகும்னு பிரிச்சுடுறான். பெர்லின்ல ஆறாவது வரைக்கும் பொறுப்பான். உன் மகளுக்கு ஒம்பது வயசு. பாஷை தெரியாம போயி இறங்குற பிள்ளையை அடுத்த வருசமே தரம் பிரிக்க உக்காந்தா எப்படி இருக்கும்? அப்புறம் மாறலாம், வழி இருக்கு, ஆனா அந்த ஒரு வருசம் வீட்டுல உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவ ஸ்பெல்லிங் போட்டியில மூணாவதா வந்ததுக்கே ரெண்டு நாள் சோறு திங்காதவன் நீ. அவளைச் சேக்கப்போற பள்ளிக்கூடத்துல வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தனியா பாஷை வகுப்பு உண்டான்னு கேட்டுட்டு அப்புறம் வீட்டைப் பாரு. நீ ஆபீசுக்கு எத்தனை கிலோமீட்டர்னு பாத்து வீடு தேடுற.

பாஷை வராதுன்னு மூக்கால அழாதே. சாக்சனியில பொறந்த பயல் ஒருத்தன், சீகன்பால்கு, 1706ல டென்மார்க் ராசா அனுப்பி நம்ம தரங்கம்பாடியில வந்து இறங்கினான். அப்ப அவன் இளவட்டந்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட உக்காந்து மணல்ல விரலை வெச்சு 'அ' எழுதினான். 1715ல புதிய ஏற்பாட்டையே தமிழ்ல அச்சடிச்சு முடிச்சான். இந்த மண்ணுலயே செத்து இங்கேயே அடங்கியிருக்கான், சைக்கிள்ல போற தூரம். அவனுக்கு ஆப் இல்ல, யூடியூப் இல்ல, நம்ம வெயில் வேற. உனக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கம்பெனி செலவுலயே வகுப்பு எடுக்குறான், நீ பி1 கஷ்டம்ங்குற. பெர்லின்ல இங்கிலீஷ்லயே ஓட்டிடலாம்தான், ஆபீஸ் வரைக்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வர்ற காயிதம் மூணும் ஜெர்மன்லதான் பேசும்.

லீவைப் பத்தியும் சொல்லிடுறேன். "எங்க கம்பெனியில அன்லிமிடெட் லீவு மாமா"ன்னு பீத்திக்கிட்டு ஊருக்கு வந்த. வந்தவன் ராத்திரி ஒம்பது மணிக்கு மாட்டுக்கொட்டாய் பக்கம் சிக்னல் தேடி லேப்டாப்போட நின்ன. கொசு கடிக்கக் கடிக்க "சவுண்ட்ஸ் குட்"னு யாருக்கோ தலையாட்டிக்கிட்டிருந்த. அங்க வாரம் அஞ்சு நாள் வேலைன்னா குறைஞ்சது 20 நாள் லீவுன்னு சட்டம், பல கம்பெனியில 30 வரைக்கும் குடுக்குறான். லீவுல போன் எடுத்தா மேலாளரே "ஏன் எடுத்த"ம்பாரு. நீ தாங்குவியான்னுதான் எனக்குச் சந்தேகம்.

டெல்லியில ஜெர்மன் தூதரா இருந்த பிலிப் ஆக்கர்மன் 2025 செப்டம்பர்ல ஒரு வீடியோ போட்டாரு, நீயும் பாத்திருப்ப. எங்க குடியேற்றச் சட்டம் எங்க ஊர் கார் மாதிரி, வளையாம நெளியாம நேரா ஓடும்னாரு. நல்லாத்தான் சொன்னாரு. எதுக்கும் ரயிலைச் சொல்லாம விட்டாரே, அது கெட்டிக்காரத்தனம். 2024ல தொலைதூர ரயில் நூத்துக்கு 62 சொச்சந்தான் நேரத்துக்கு வந்திருக்கு. சட்டமும் அப்பப்ப ஒரு வளைவு எடுக்கும்டா. 2024 ஜூன்ல குடியுரிமையை எட்டு வருசத்துலேர்ந்து அஞ்சாக் குறைச்சான், நல்லாப் பழகினவனுக்கு மூணே வருசம்னான். 2025 அக்டோபர்ல அந்த மூணு வருச வழியை மூடிட்டான். அஞ்சு நிக்குது. அவன் ரெண்டு குடியுரிமையை ஒத்துக்குறான், நம்ம டெல்லிக்காரன் ஒத்துக்க மாட்டான். ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்தா இந்தியப் பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டு ஓ.சி.ஐ. வாங்கிக்கணும். ஜெர்மன் பாஸ்போர்ட்டோட திரும்ப அமெரிக்கா கிரீன் கார்டுக்குப் போனேன்னு வெச்சுக்க, அவன் நீ பொறந்த ஊரைத்தான் கேப்பான். பொறையாறுன்னு சொன்னா மறுபடி அதே வரிசை.

வேலை போகாதான்னா அங்கயும் போகும். ஃபோக்ஸ்வாகன்ல 2030க்குள்ள 35,000 வேலையைக் குறைக்கிறதா 2024 டிசம்பர்ல முடிவாச்சு. ஆனா முடிவான விதம் இருக்கே! தொழிற்சங்கமும் முதலாளியும் மாசக்கணக்குல உக்காந்து பேசி, கட்டாயமா யாரையும் வெளியே தள்ளக்கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. உங்க ஊர்ல காலையில காப்பி போடப் போனவனுக்கு லேப்டாப் பூட்டிக்கிச்சு. எது உசத்தின்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கென்ன, என் பென்சன் கும்பகோணத்துலேர்ந்து வருது.

அயர்லாந்து, நெதர்லாந்துன்னும் ரெண்டு பேரு கேட்டிருந்த. அயர்லாந்துல இங்கிலீஷ் இருக்கு, வீடு இல்ல. நெதர்லாந்துக்காரன் வெளிநாட்டு ஆளுக்கு சம்பளத்துல 30 சதவீதத்துக்கு வரி தள்ளுறான், 2027லேர்ந்து அது 27. அதைப் பாத்துட்டு நீ சைக்கிள் ஓட்டக் கத்துக்கப் போற ஆளு இல்ல. ஜெர்மனியாவே இருக்கட்டும்.

அங்க போனதும் ஹம்ங்கிற ஊருக்கு ஒரு நடை போயிட்டு வா. காமாட்சி அம்மன் கோயில், ராசகோபுரத்தோட, 2002ல குடமுழுக்கு ஆனது. சுத்திலும் தொழிற்சாலையும் கால்வாயும். வெயில் காலத்துல தேர் இழுப்பாங்க, ஆயிரக்கணக்குல சனம் கூடும். கட்டினவங்க யாரும் நீலக் கார்டுல போனவங்க இல்லடா. எண்பதுகள்ல யாழ்ப்பாணத்துலேர்ந்து உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு, கிழக்கு பெர்லின்ல இறங்கி மேற்கே வந்தவங்க எத்தனையோ பேர். ஓட்டல்ல பாத்திரம் கழுவி, முகாம்ல காத்திருந்து, ஊரைவிட்டு வெளியே போகக் கூடாதுங்கிற கட்டுப்பாட்டுல இருந்தவங்க. நீ அவங்க கடையில கறிவேப்பிலை வாங்குறப்ப "எந்த கம்பெனி அண்ணே"ன்னு கேட்டுத் தொலைக்காதே. சும்மா "வணக்கம்"னு சொல்லு, அவங்களே பேசுவாங்க.

கிளம்புற அவசரத்துல அமெரிக்காவுல இருக்குற 401கே ஓய்வுக் கணக்கை உடைச்சுடாதே. அம்பத்தொம்பதரை வயசுக்கு முன்னாடி எடுத்தா வரிக்கு மேல 10 சதவீதம் தண்டம். அது அங்கேயே கெடக்கட்டும். நீ கட்டுன சோசியல் செக்யூரிட்டிக்கு பத்து வருசக் கணக்கு இன்னும் நிறையல. அமெரிக்காவுக்கும் நமக்கும் அதுல ஒப்பந்தம் கிடையாது. ஆனா ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் 1979லேர்ந்தே இருக்கு, ரெண்டு நாட்டு வருசத்தையும் சேத்துத் தகுதி பாக்கலாம். இந்த ஒரு சங்கதி உன் ஷீட்டுல இல்ல பாரு, கம்ப்யூட்டர் படிச்சவனே. டெக்சாஸ் லைசென்சைப் பரீட்சை இல்லாம மாத்திக் குடுப்பான், ஆனா ஆறு மாசத்துக்கு மேல பழசை வெச்சு ஓட்டக் கூடாது. நம்ம ஊர் லைசென்ஸ்னா எழுத்துப் பரீட்சையும் ஓட்டுப் பரீட்சையும் உண்டு, உன் சம்சாரத்துக்கிட்ட எது இருக்குன்னு பாத்துக்க.

அப்புறம் டல்லாஸ்ல வாங்குன ரைஸ் குக்கர், இன்ஸ்டன்ட் பாட், மிக்ஸி எல்லாத்தையும் வித்துட்டுப் போ. அது 120 வோல்ட்டு, அங்க 230. உங்கம்மா குடுத்தனுப்பின கிரைண்டர் கார் ஷெட்டுல அட்டைப்பெட்டியோட கெடக்கே, அதை மொதல்ல கப்பல்ல ஏத்து. பின்னை மட்டும் மாத்தினா ஊர்ல ஓடுற மாதிரியே ஓடும். ஞாயித்துக்கிழமை போடாதே, சனிக்கிழமை சாயங்காலமே மாவை ஆட்டி வெச்சுடு. கீழ் வீட்டுக்கு நாலு இட்லி குடுத்தா சிநேகமாயிடுவாங்கன்னு கணக்குப் போடுற இல்ல? எம் பொண்ணு குடுத்துப் பாத்துட்டா. அந்த அம்மா மறுநாள் காலையில தட்டைக் கழுவித் துடைச்சு வாசல்ல வெச்சிருந்தாங்க, மேல ஒரு நன்றிக் கார்டு, அழகான கையெழுத்து. கடைசி வரியில, இந்த வாரம் மாடிப்படி உங்க முறைன்னு எழுதியிருந்துச்சு.